ரெண்டு சுத்து

எந்த வண்டி திரும்பி வந்தாலும் அவர் முதலில் தன் உள்ளங்கையைத்தான் பார்ப்பார். இரண்டு கைகளையும் விரித்து, முன்னும் பின்னும் திருப்பி, அதில் ஏதோ எழுதியிருக்கிற மாதிரி கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருப்பார். வண்டிக்காரர் அதற்குள் பொறுமை இழந்து ஹாரனை ஒரு தடவை அடித்துவிடுவார். அதற்கப்புறம்தான் "இன்னா ஆச்சு சார்?" என்று எழுந்து வருவார்.

அவரை நினைத்தால் எனக்கு எப்போதும் பிற்பகல் மூன்று மணிதான் ஞாபகத்துக்கு வருகிறது. திண்டிவனத்தில் மரக்காணம் ரோட்டில் அவருடைய பைக் மெக்கானிக் கடை. சிமென்ட் ஷீட் போட்ட கொட்டகை, பக்கத்தில் தண்ணீர் கேன் நிரப்புகிற இடம். அங்கே மோட்டார் ஒரே சுருதியில் ஓடிக்கொண்டிருக்கும். மூன்று மணிக்குக் கடல் பக்கமிருந்து ஒரு காற்று வரும். அதில் உப்பு இருக்கிறது என்று அவர் சொல்வார்; எனக்கு ஆயில் வாசனைதான் தெரியும். அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்தவன் யாரும் முழுசாக விழித்திருக்க முடியாது. நான் பார்த்ததில் எது நடந்தது, எது அரைத் தூக்கத்தில் நானே கோத்துக்கொண்டது என்று இப்போது பிரித்துச் சொல்லக்கூட வரவில்லை. ஒரு விஷயத்தைத் தவிர. அது எனக்கு நன்றாகவே ஞாபகம் இருக்கிறது.

அவர் சொந்த ஊர் கோட்டக்குப்பம். பதினோரு வருடம் வளைகுடாவில் லாரி பட்டறையில் இருந்துவிட்டு, மனைவியின் ஊரான திண்டிவனத்துக்கு வந்து கடை போட்டவர். என் வயதுதான் இருக்கும், ஒன்றிரண்டு கூடக்குறைய. எல்லோரும் பாய் என்றே கூப்பிட்டார்கள், நானும் அப்படித்தான். பெயர் தெரியும். இங்கே எழுத எனக்கு யோக்கியதை இல்லை என்று நினைக்கிறேன், ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

தன் கை மேல் அவருக்கு இருந்த சந்தேகம் சாதாரணமானதில்லை. ஒரு முறை, ஒருவர் வண்டிக்குப் பின்சக்கரம் கழற்றி மாட்டிக் கொடுத்து அனுப்பியிருக்கிறார். மறுநாள் காலை டீ குடிக்கும்போது, அச்சு நட்டை முறுக்கினோமா என்று ஒரு எண்ணம் வந்துவிட்டது. போன் அடித்தால் எடுக்கவில்லை. அந்த ஆள் வளவனூரில் ஒரு கல்யாணத்துக்குப் போயிருப்பதாக வீட்டில் சொன்னார்கள். கடையைச் சாத்திவிட்டு விழுப்புரம் தாண்டி வளவனூர் வரைக்கும் போய், கல்யாண மண்டபத்து வாசலில் நின்ற நூறு நூற்றைம்பது வண்டிகளில் அந்த வண்டியைக் கண்டுபிடித்து, குத்தவைத்து உட்கார்ந்து ஸ்பேனரைப் போட்டுப் பார்த்திருக்கிறார். நட்டு கல் மாதிரி இருந்தது. எவனோ வண்டி திருடுகிறான் என்று பெண் வீட்டுக்காரர்கள் நான்கு பேர் வந்து பிடித்துக்கொண்டார்கள். விஷயம் தெரிந்ததும் அவர்களே இழுத்துப்போய்ப் பந்தியில் உட்கார வைத்தார்களாம்.

"பாயசம் நல்லா இருந்துச்சு சார்," என்றார் என்னிடம்.

"நட்டு டைட்டாத்தானே இருந்துச்சு? அப்புறம் இன்னாத்துக்கு இவ்ளோ தூரம் பேஜாரு?"

"டைட்டா இருக்குதுன்னு போயி பாத்தப்புறம் தானே தெரிஞ்சுது."

 நான் சிரித்துவிட்டு விட்டேன்.

சிரிக்காத இடங்களும் இருந்தன. எஞ்சினில் ஆயிலே ஊற்றாமல் மாதக்கணக்கில் ஓட்டிவிட்டு, வண்டி நடுரோட்டில் சிக்கிக்கொண்டதும் தள்ளிக்கொண்டு வந்து கத்துகிற ஆட்கள் எந்தப் பட்டறைக்கும் உண்டு. அப்படி ஒருவர், போன தீபாவளிக்கு இவர் ஊற்றிய ஆயில் சரியில்லை என்று ஊரே கேட்கிற மாதிரி ஏசினார். இவர் கையைப் பார்த்துக்கொண்டே நின்றார். பிறகு, "வுட்டுட்டுப் போங்க, பாத்து வைக்கிறேன்," என்றார். அந்த ஆள் போனதும் எனக்குத்தான் பொறுக்கவில்லை.

"பாய், அந்தாளு வாய் கூசாம பொய் சொல்றான். உங்களுக்குத் தெரியலியா?"

"இருக்கட்டும் சார். அவுரு தப்ப நான் எங்க போயி தேடுவேன்? என் தப்புன்னா இங்கியே கிடக்கும். எடுத்துறலாம்."

"அதுக்குன்னு செய்யாததுக்கெல்லாம் தலைய குடுப்பீங்களா?"

அப்போதுதான் அந்த லாரி கதையைச் சொன்னார். வளைகுடாவில் அவர் இருந்த பட்டறையில் ஒரு லாரிக்கு ஆறேழு பேர் வேலை பார்ப்பார்கள். ஒரு லாரி பிரேக் சரியில்லை என்று திரும்பி வந்தது. ஆளாளுக்கு நான் இல்லை, நான் இல்லை என்றார்கள். மேலோட்டமாகப் பார்த்து அனுப்பினார்கள். மறுபடியும் வந்தது. மறுபடியும் நான் இல்லை. "மூணு வாட்டி திரும்பி வந்துச்சு சார். நாலாவது வாட்டி வரல. டிரைவரு எங்களுக்கெல்லாம் ரொட்டி கொண்டாந்து குடுப்பாரு."  பக்கத்தில் தண்ணீர் மோட்டார் ஓடிக்கொண்டிருந்தது. அன்றைக்கு வெகுநேரம் அவர் ஒரு செயினை மண்ணெண்ணெயில் போட்டு அலசிக்கொண்டே இருந்தார்.

நான் விழுப்புரத்தில் ஒரு கண்ணாடிக் கடையில் கண் பரிசோதனை செய்கிறவன். நாள் முழுக்க இருட்டு அறையில் உட்கார்ந்து, ஒரு லென்ஸை மாற்றி இன்னொரு லென்ஸைப் போட்டு, "இப்ப தெளிவா இருக்கா, முன்னாடி தெளிவா இருந்துச்சா?" என்று கேட்பது என் பிழைப்பு. வீடு திண்டிவனம். போக நாற்பது கிலோமீட்டர், வர நாற்பது கிலோமீட்டர். ஆகையால் மைலேஜ் என்பது எனக்கு ஒரு நோய் மாதிரி. எதிரில் வருகிறவனைப் பார்த்ததும் சாப்பிட்டாச்சா என்று கேட்பதற்கு முன்னால் வண்டி எவ்வளவு கொடுக்கிறது என்று கேட்கிற ஜாதி நான்.

வண்டி பழசாகி, புகை கக்க ஆரம்பித்ததும் அவரிடம்தான் விட்டேன். எஞ்சினை இறக்கி, சிலிண்டரைக் கடைந்து போர் அடித்து, புது பிஸ்டன் போட்டு, நான்காம் நாள் மாட்டி முடித்தார். வெள்ளிக்கிழமை. தொழுகைக்குப் போய் வந்து, புதுச் சட்டையைக் கழற்றி ஆணியில் மாட்டிவிட்டு, வண்டியை ஸ்டாண்டில் போட்டு ஓடவிட்டார். அதற்கு முன்னால் வீட்டிலிருந்து கொண்டுவந்த டேபிள் ஃபேனை எஞ்சினுக்கு எதிரே ஒரு பலகை மேல் வைத்துச் சுவிட்ச் போட்டார்.

"நின்ன எடத்துல ஓடற எஞ்சினுக்குக் காத்து யாரு குடுப்பா சார்? ரோட்டுல போனா தானா கெடைக்கும். இங்க நாம தான் விசிறணும். இல்லன்னா பைப்பு செவந்துரும்."

உடம்பு சரியில்லாதவருக்கு விசிறுகிற மாதிரி ஃபேன் சுற்றிக்கொண்டிருந்தது. வண்டி மெதுவாக, தூங்குகிற நாய் மூச்சு விடுவது போல ஓடிக்கொண்டிருந்தது. அந்தச் சத்தத்தில் நான் பெஞ்சிலேயே தூங்கிப்போனேன். மறுபடி கண் விழித்தபோது வெயில் கொட்டகைக்குள் பாதி தூரம் வந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து கார்புரேட்டரில் இருக்கும் சின்னப் பித்தளை ஸ்க்ரூவைத் திருப்பிக்கொண்டிருந்தார். அதை உள்ளே திருகினால் பெட்ரோல் குறையும், வெளியே எடுத்தால் கூடும். உள்ளே முழுசாக இறுக்கி, பிறகு வெளியே எடுத்தார். வாய்விட்டு எண்ணினார்.

"ஒண்ணு... ரெண்டு."

ரெண்டு சுத்து. நான் அசையாமல் பார்த்துக்கொண்டிருந்தேன். எஞ்சின் சத்தம் ஒரு இடத்தில் அப்படியே சமாதானமாகிவிட்டது. அவர் திரும்பி, நான் விழித்திருப்பதைப் பார்த்துச் சிரித்தார்.

"ஆயிரம் கிலோமீட்டருக்கு நாப்பதுக்கு மேல போவாதீங்க சார். புது எஞ்சினு, புதுப் பொண்ணு மாதிரி. மெதுவா பழகட்டும்."

நாற்பதிலேயே போனேன். விக்கிரவாண்டிக்கு முன்னால் நெடுஞ்சாலை நேராகக் கிடக்கும் இடத்தில், தூரத்தில் தார் மேல் தண்ணீர் நிற்கிற மாதிரி தெரியும். அதை நோக்கி நாற்பதில் போய்க்கொண்டே இருப்பது ஒரு சுகம். பேருந்துகள் என்னைத் திட்டிக்கொண்டு தாண்டிப் போயின. இரண்டு பக்கமும் மல்லாட்டை, அதாவது வேர்க்கடலை, போட்ட கொல்லைகள். எல்லாம் நன்றாகத்தான் இருந்தது. பெட்ரோல்தான் கொஞ்சம் கூடுதலாகக் குடிக்கிற மாதிரி எனக்குப் பட்டது.

எங்கள் கடையில் ஃபிரேம் மாட்டுகிறவர் தன் வண்டி எழுபது கொடுப்பதாகப் பீற்றிக்கொண்டார். ஸ்க்ரூ விஷயம்தான் என்று போனில் ஒரு வீடியோவும் காட்டினார். ஞாயிற்றுக்கிழமை காலை, செல்வி, என் மனைவி, கறி வாங்கப் போயிருந்தபோது ஒரு ஸ்க்ரூ டிரைவரை எடுத்துக்கொண்டு உட்கார்ந்தேன். உள்ளே ஒரு சுற்று. அதோடு நிறுத்தியிருக்கலாம். இன்னும் கொஞ்சம். அவர் வைத்த இரண்டு சுற்றில் முக்கால் சுற்றுதான் மிச்சம். வண்டி கொஞ்சம் முரண்டு பிடித்தது, பிறகு ஓடியது. பெரிய விஞ்ஞானி மாதிரி கையைக் கழுவிக்கொண்டு வந்து தோசை சாப்பிட்டேன்.

இரண்டு மூன்று நாளில் ஆக்சிலேட்டரை விட்டால் பட்பட்டென்று வெடிக்க ஆரம்பித்தது. எஞ்சினிலிருந்து சைலன்சர் பைப் வளைந்து இறங்குகிற இடத்தில் ஒரு நீலம் படர்ந்தது. நீலம், அதன் ஓரத்தில் ஊதா, அதன் ஓரத்தில் தங்க நிறம். மயில் கழுத்து நிறம். காலை வெயிலில் அதைப் பார்த்து அழகாக இருக்கிறதே என்று ரசித்தேன். கண் பரிசோதனை செய்கிறவனின் கண்ணின் லட்சணம் அது.

அடுத்து வந்த அமாவாசைக்கு மேல்மலையனூர் போனோம். இராத்திரி அம்மன் ஊஞ்சல் உற்சவம் வரை நிற்க வேண்டாம், பகலிலேயே கும்பிட்டுவிட்டுத் திரும்பிவிடலாம் என்று திட்டம். நான், செல்வி, நடுவில் ஆறு வயது மகள் யாழினி. ஊருக்கு ஒரு கிலோமீட்டர் முன்னாலிருந்தே கூட்டம். வண்டி முதல் கியரில் ஊர்ந்தது. நின்றது. மறுபடி ஊர்ந்தது. முழங்காலில் அனல் அடித்தது. வெயில் என்று நினைத்தேன். கோயில் பக்கம் பம்பை மேளச் சத்தம் கேட்டதும் யாழினி அம்மாவின் கையை உதறிவிட்டு வலது பக்கமாகக் குதித்தாள்.

அவள் கத்தியது இன்னும் என் காதில் இருக்கிறது. கெண்டைக்காலில் பைப் ஒட்டி, தோல் பிய்ந்து வந்தது. பூ விற்றுக்கொண்டிருந்த ஒரு அம்மா, பூ மேல் தெளிக்க வைத்திருந்த தண்ணீர்க் குடத்தை அப்படியே தூக்கிவந்து, காலை மடியில் வைத்துக்கொண்டு ஊற்றிக்கொண்டே இருந்தார். யாரோ பேஸ்ட் தடவச் சொன்னார்கள், யாரோ மை தடவச் சொன்னார்கள். "ஒருத்தரும் கிட்ட வராதீங்க, தண்ணி போதும்," என்று அந்த அம்மா அதட்டினார். நான் குனிந்து பைப்பைப் பார்த்தேன். அந்த வெளிச்சத்திலும் வளைவில் மங்கலாகச் சிவந்திருந்தது.

மருத்துவமனையில் கட்டுப் போட்டுக்கொண்டு பேருந்தில் திரும்பும்போது செல்வி சொன்னாள்: "எஞ்சின் வேலை பாத்த ஆளு ஒழுங்கா பாத்தாரா இல்லியா? நாளைக்கே போயி கேளுங்க. கொழந்த கால இப்டி பண்ணி வச்சிட்டு." நான் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தேன். "கேக்கறேன்," என்றேன். என் வாயிலிருந்து அந்தச் சொல் அவ்வளவு சுலபமாக வந்ததை நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது.

மறுநாள், மேல்மலையனூரிலேயே விட்டுவந்த வண்டியைக் குட்டி யானை என்கிற சின்ன லாரியில் ஏற்றி அவர் கடையில் இறக்கினேன். குழந்தைக்குக் காலில் சூடு பட்டதைச் சொன்னேன். அவர் முகம் வெளுத்துவிட்டது. கையைப் பார்க்கக்கூட மறந்துபோய் என்னையே பார்த்தார்.

"பாப்பா எப்டி இருக்குது சார்?"

"கட்டு போட்டிருக்கு. ராத்திரி பூரா தூங்கல."

அவர் வண்டியைச் சுற்றி ஒரு தரம் வந்தார். நீலமாகிப்போன வளைவின் எதிரே உட்கார்ந்தார். பிறகு எந்த மெக்கானிக்கும் கேட்கிற கேள்வியைக் கேட்டார்.

"நான் குடுத்தப்புறம் வண்டியில வேற யாராவது கை வெச்சாங்களா சார்?"

"இல்ல பாய்."

அவ்வளவுதான். இரண்டே சொல். சொல்லிவிட்டு, இதனால் யாருக்கு என்ன நஷ்டம், எப்படியும் கண்டுபிடித்துச் சரிசெய்துவிடப் போகிறார் என்று மனதுக்குள் ஒரு கணக்குப் போட்டேன். செல்வியிடம் போய், குழந்தை காலைச் சுட்டது நான்தான் என்று சொல்வதைவிட அது சுலபமாக இருந்தது.

அவர் கையைப் பார்த்தார். வெகுநேரம் பார்த்தார்.

"அப்போ நான் போட்ட வரிசையிலயே தேடிக்கினு வரணும்," என்றார்.

அந்தப் பிற்பகலை நான் நூறு முறை மறுபடி வாழ்ந்திருக்கிறேன். முதலில் வால்வுகளுக்கு மேலே இருக்கும் டேப்பட் மூடியைக் கழற்றினார். மெல்லிய தகட்டை வால்வு இடைவெளியில் செருகி இழுத்துப் பார்த்தார். "எக்ஸாஸ்ட் வால்வு இறுக்கமா இருந்தா முழுசா மூடாது. நெருப்பு பைப்புக்குப் போவும்." இடைவெளி சரியாக இருந்தது. மேக்னெட் மூடியைக் கழற்றி, தீப்பொறி வரும் நேரத்துக்கான குறிகளைப் பார்த்தார். சரியாக இருந்தது. ஸ்டார்ட் செய்து, சைலன்சரின் பின்வாயில் உள்ளங்கையை வைத்தார். அடைப்பு இல்லை, புகை தாராளமாக வந்தது. நிறுத்தி, பிளக்கைக் கழற்றி வெளிச்சத்தில் பிடித்தார். சுண்ணாம்பு மாதிரி வெள்ளையாக இருந்தது.

"பெட்ரோல் பத்தல. இல்ல, எங்கியோ காத்த திருடுது," என்றார்.

அதற்குப்பின் அவர் செய்ததை வேறு எந்தக் கடையிலும் நான் பார்த்ததில்லை. சுற்றிலும் பெட்ரோல் ஈரத்தைத் துணியால் சுத்தமாகத் துடைத்துவிட்டு, வண்டியை மறுபடி ஓடவிட்டு, ஒரு ஊதுபத்தியைக் கொளுத்தினார். டேபிள் ஃபேனை நிறுத்தினார். கார்புரேட்டர் எஞ்சினோடு சேருகிற இணைப்பைச் சுற்றி ஊதுபத்தியை மிக மெதுவாகக் கொண்டுபோனார். எங்கேயாவது கசிவு இருந்தால் அந்த இடத்தில் புகை உள்ளே இழுபடும் என்றார். புகை இழையாக எழுந்தது, வளைந்தது, எங்களுக்கு நடுவில் அப்படியே நின்றது. சந்தன வாசனையும் எஞ்சின் சூடும் கலந்து எனக்குக் கண் சொருகியது. கொட்டகை, ரோடு, தண்ணீர் மோட்டார் எல்லாமே எங்கேயோ தூரத்தில் போய்விட்டன. அவரும் நானும் அந்த இழையும் மட்டும் இருந்தோம். இப்போது சொல்லிவிடலாம், இப்போது சொல்லிவிடலாம் என்று நினைத்துக்கொண்டே அந்தப் புகையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். அது எந்தப் பக்கமும் இழுபடாமல் நேராக மேலே போயிற்று. இணைப்பில் குறை இல்லை. பத்தி எரிந்து முடிந்து சாம்பல் அவர் மணிக்கட்டில் விழுந்தது.

கடைசியில் ஸ்க்ரூவுக்கு வந்தார். வேறு எங்கேயும் போக வழியில்லை. வண்டியை நிறுத்தி, ஸ்க்ரூ டிரைவரை வைத்து உள்ளே திருகிக்கொண்டே எண்ணினார்.

"கால்... அரை... முக்கா..."

ஸ்க்ரூ நின்றுவிட்டது. அவரும் நின்றுவிட்டார். மறுபடி வெளியே எடுத்து, மறுபடி உள்ளே திருகினார். முக்கால்தான்.

"ரெண்டு சுத்து வெச்சேன் சார்," என்றார். குரல் சின்னதாக இருந்தது. "வாய் வுட்டு எண்ணுனேன். நீங்க கூட பெஞ்சில இருந்தீங்க இல்ல? நான் ரெண்டுன்னு சொன்னது காதுல வுழுந்துச்சா?"

கேட்டது. இன்றைக்கும் கேட்கிறது.

"நான் தூங்கிட்டேன் பாய்."

"ஆமா, தூங்கிக்கினு இருந்தீங்க, நான் எண்ணி முடிச்சப்புறம் தான் முழிச்சீங்க," என்று தலையாட்டினார். "அதுவா திரும்பறதுக்கு வழியில்ல. ஸ்பிரிங்கு புடிச்சிக்கினு இருக்குது. நீங்களும் யாரும் தொடலன்றீங்க. அப்போ ரெண்டுன்னு வாயி சொல்லியிருக்குது, கை முக்கால்ல நின்னிருக்குது."

இரண்டு சுற்று வைத்தார். மூன்று தடவை சரிபார்த்தார். ஓடவிட்டு, ஃபேனைப் போட்டு, விரல் நுனியில் தண்ணீர் எடுத்துப் பைப் மேல் ஒரு சொட்டு வைத்தார். துள்ளி ஓடாமல் அந்த இடத்திலேயே சுர்ரென்று காய்ந்தது; பைப் அளவான சூட்டில்தான் இருந்தது. வெடிப்புச் சத்தம் போய்விட்டது. வண்டி பழைய அமைதிக்கு வந்துவிட்டது. அவர் முகத்தில் மட்டும் அது வரவில்லை.

சாயங்காலம் வீட்டுக்கு வந்தார். வெள்ளைச் சட்டை, கையில் திராட்சை, ஆப்பிள், ஒரு களிம்பு. செல்வி வாசலிலேயே பிடித்துக்கொள்ளப் போகிறாள் என்று பயந்தேன். அவர் அதற்கு இடமே கொடுக்கவில்லை. நேராகப் போய் யாழினியின் கட்டிலுக்குக் கீழே தரையில் உட்கார்ந்தார்.

"பாப்பா, மாமா வண்டிய தப்பா மாட்டிட்டேன். அதான் உனக்குச் சுட்டுருச்சு. மாமா மேல கோவமா?"

யாழினி யோசித்துவிட்டு, திராட்சையைப் பார்த்துவிட்டு, இல்லை என்றாள். செல்வி கண்ணைத் துடைத்துக்கொண்டு, "வுடுங்கண்ணே. வேணுன்னா பண்ணீங்க?" என்றாள். நான் சமையலறையில் டீ போட்டுக்கொண்டிருந்தேன். மூன்று டம்ளர் டீ போட எவ்வளவு நேரம் ஆக்க முடியுமோ அவ்வளவு நேரம் ஆக்கினேன். பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவர் எழுந்து நிற்கிற சத்தம் கேட்ட பிறகுதான் வெளியே வந்தேன்.

ஒரு மாதம் கழித்து அந்த வழியாகப் போனபோது, அவர் கடைத் தகரப் பலகையில் பாதி எழுத்தை வெள்ளை பெயின்ட் அடித்து மறைத்திருந்தது. பஞ்சர், காற்று என்கிற இரண்டு சொற்கள்தான் மிச்சம். எஞ்சின் வேலைக்கு வந்த ஒருவரிடம், "இப்ப எஞ்சின தொடறதில்லீங்க," என்று சொல்லிக்கொண்டிருந்தார். மெதுவாக்கிய வண்டியை நிறுத்தாமல் போனேன். அதற்குப் பிறகு மரக்காணம் ரோட்டுக்கே போகாமல் சுற்றிப் போகப் பழகிக்கொண்டேன். அவரிடம் சொல்வதை நெடுஞ்சாலையில் தினமும் ஒத்திகை பார்த்தேன். விக்கிரவாண்டி வரும்போது தைரியம் வரும், திண்டிவனம் வரும்போது போய்விடும். இப்படியே மூன்று வருடம் ஓடிவிட்டது.

போன மாதம் எங்கள் கடைக்கு வந்தார். இருட்டு அறைக்குள் டோக்கனோடு நுழைந்தவரை எனக்கு உடனே தெரியவில்லை. இளைத்திருந்தார். என்னைப் பார்த்ததும் அவருக்குத்தான் சந்தோஷம்.

"சார், நீங்க இங்க தானா! பாப்பா எப்டி இருக்குது? கால்ல தழும்பு போச்சா?"

"போச்சு பாய்," என்றேன். முழுசாகப் போகவில்லை. "இன்னா ஆச்சு, கண்ணுல எதாவது..."

"ஒண்ணும் தெரியாம இல்ல சார். எல்லாம் தெரியுது. ஒரு சந்தேகம், அவ்ளோ தான்." நாற்காலியில் உட்கார்ந்து கைகளைத் தொடை மேல் வைத்துக்கொண்டார். "கையி அன்னிக்கு ஏன் அப்டி பண்ணுச்சுன்னு யோசிச்சிக்கினே இருக்கேன். ஒருவேள கண்ணு தப்பா காட்டியிருக்குமோன்னு. கண்ணுன்னா கண்ணாடி போட்டுக்கலாம். மறுபடி எஞ்சின் வேலை பாக்கலாம் இல்ல?"

எல்லாவற்றையும் பரிசோதித்தேன். தூரத்து எழுத்து, கிட்டத்து எழுத்து, ஒவ்வொரு கண்ணாக. கடைசி வரியைத் தடுமாறாமல் படித்தார். லென்ஸ் மாற்றிக் கேட்டபோதெல்லாம், "ரெண்டும் ஒண்ணு தான் சார்," என்றார். எனக்கு வேர்த்தது. ஒரு பொய்யான நம்பர் எழுதி ஒரு கண்ணாடியைக் கொடுத்துவிட்டால் அவர் போய்க் கடையைத் திறந்துவிடுவார். அந்த யோசனை வந்ததை மறைக்க விரும்பவில்லை. பேனாவைக்கூட எடுத்துவிட்டேன். பிறகு கீழே வைத்தேன்.

"கண்ணுல ஒண்ணும் இல்ல பாய்."

"ஒண்ணுமே இல்லியா?" அவர் முகம் தொங்கிப்போயிற்று. "அப்போ கையி தான்."

"கையிலயும் ஒண்ணும் இல்ல. அந்த ஸ்க்ரூவ நான் தான் திருப்பினேன். மைலேஜுக்காக. நீங்க ரெண்டு சுத்து தான் வெச்சீங்க. நீங்க எண்ணும்போது நான் முழிச்சிக்கினு தான் இருந்தேன். என் காதால கேட்டேன்."

மூன்று வருட ஒத்திகையில் இதற்கப்புறம் அவர் என்னை அடிப்பார், அல்லது அழுவார், அல்லது எழுந்து போய்விடுவார். அவர் அதில் எதுவும் செய்யவில்லை.  ஆறுதல் சொல்ல வந்தவனுக்கு ஆறுதல் சொல்கிற மாதிரி சிரித்தார்.

"நீங்க நல்லவரு சார். நான் வேலைய வுட்டுட்டேன்னு கேள்விப்பட்டு மனசு கேக்காம சொல்றீங்க."

"இல்ல பாய், நெசமாத்தான்..."

"நான் தான் அன்னிக்கே கேட்டேன் இல்ல சார்? யாராவது தொட்டாங்களான்னு. இல்லன்னு சொன்னீங்க. பெத்த கொழந்த காலு வெந்து கெடக்குது, அப்ப போயி எந்த அப்பன் சார் பொய் சொல்லுவான்?"

 நம்ப வைக்க ஒரே ஒரு வழிதான் மிச்சம் இருந்தது. கையை நீட்டி, "என் பொண்ணு மேல சத்தியமா..." என்று ஆரம்பித்தேன்.

அவர் பதறி எழுந்து என் வாயைப் பொத்தினார்.

"வேணாம் சார், வேணாம். ஏற்கெனவே என்னால அதுக்குச் சூடு பட்டுருக்குது. இப்ப எனக்காக அந்தக் கொழந்த மேல பொய் சத்தியம் வேற பண்ணாதீங்க."

நான் சரி என்று தலையாட்டுகிற வரைக்கும் அவர் கையை எடுக்கவில்லை.